முதல் ஆளுக்குப் பின்னாடி நின்னது யாரு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை



அடுத்த முறை பாலக்கரை ரவுண்டானா பக்கம் போகும்போது ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கண்ணில் படுகிற டாக்டர் போர்டுகளை எல்லாம் படிச்சுக்கிட்டே நடங்க. மகப்பேறு, குழந்தைகள் நலம்னு பெண் டாக்டர்கள் பெயர் நிறைய கிடைக்கும். இப்போ சர்ஜன்னு போட்ட போர்டுல ஒரு பெண் பெயரைத் தேடுங்க. கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி? அறுவை சிகிச்சை, புத்தகத்தைப் படிச்சு மட்டும் வர்ற வித்தை இல்லை. தெரிஞ்ச ஒருத்தர் மேஜைக்குப் பக்கத்தில் உங்களை நிற்க வைக்கணும். முதல்ல பார்க்க விடணும், அப்புறம் பிடிக்க விடணும், கடைசியா கத்தியைக் கையில் கொடுக்கணும். நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினைத் தொடவே விடலைன்னா நாம என்ன கத்துக்குவோம்? அதே கதைதான். பக்கத்தில் நிற்க வைக்க ஆள் இல்லாதவங்களுக்கு அந்த வித்தை வராது.

இதை முழுசா அனுபவிச்ச ஒருத்தர் நமக்கு ரொம்பப் பக்கத்து ஊர்க்காரர். திருச்சியில் பஸ் ஏறி, ஏர்போர்ட்டைத் தாண்டி, கீரனூர் வழியாப் போனா சுமார் 55 கிலோமீட்டரில் புதுக்கோட்டை. அங்கே 1886 ஜூலை 30-ல் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண் குழந்தைகளை எழுத்துக் கற்றுக்கொள்ளும் வயசிலேயே கல்யாணம் பண்ணிக் கொடுத்த காலம் அது. அம்மா வழிக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசின பேச்சு வேற. அந்தப் பெண்ணுக்கு முதலில் பாடம் சொல்லி வைத்து, வெளியே இருந்து தேர்வு எழுத வைத்தவர் அப்பாதான்.

மெட்ரிகுலேஷன் தேறியதும் அடுத்த பிரச்சினை. ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி மட்டும்தான். ஒரு பெண் உள்ளே வந்தால் எங்க பையன்களைப் படிக்க அனுப்ப மாட்டோம்னு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை மீறி அனுமதி கொடுத்தார். மூடின வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து படித்தார் முத்துலட்சுமி. உங்க கிளாஸ்ல உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்கிரீன் போட்டு உட்கார வச்சா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒரு விஷயத்தைச் சரியா தெரிஞ்சுக்கணும். அந்தக் கல்லூரியின் முதல் பெண் மாணவி இவர்தான்னு பல இடங்களில் எழுதியிருப்பாங்க. அது சரியில்லை. 1875-லேயே அங்கே நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் மேரி ஷார்லீப். அவர் பிறகு லண்டன் போய் மேலே படித்துத் திரும்பி, சென்னையில் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரின்னு ஜனங்க சொல்ற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான். ஆனா உடம்பு சரியில்லாமல் அவர் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. கதவு திறந்து 32 வருஷம் கழித்தும் முத்துலட்சுமி கிட்டத்தட்ட தனி ஆளாகத்தான் உள்ளே நடந்தார். ஒருமுறை திறந்த கதவு தானா திறந்தே இருக்காது. யாராவது பிடிச்சுக்கிட்டு நிற்கணும்.

அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் விடாமல் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் பெண்களைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டாராம். முத்துலட்சுமி அந்தப் பாடத்தில் எல்லாரையும் முந்தி மதிப்பெண் வாங்கிய பிறகுதான் மனசு மாறினாராம். நாம இதைக் கேட்டதும் கைதட்டிடுவோம். ஆனா கொஞ்சம் யோசிங்க. பக்கத்தில் இருந்த பையன்களுக்கு அந்த வகுப்பில் உட்கார எந்த மதிப்பெண்ணும் தேவைப்படவில்லை. பாஸ் ஆனாலே போதும். ஒரு பெண்ணுக்கு மட்டும் முதல் இடம்தான் நுழைவுச் சீட்டு. சுமாராகப் படிக்கிற ஒரு பெண் அதே வாசலில் நின்றிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்காது.

1912-ல் பல தங்கப் பதக்கங்களோடு பட்டம் வாங்கினார். சென்னை அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்தணும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்த பிறகே சம்மதித்தார். அவர் அதைக் காப்பாற்றினார் என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. ரெண்டு பையன்களுக்கு அம்மாவான பிறகு, 1925-ல் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக லண்டன் போனார்.

திரும்பி வந்தவரை அரசியல் இழுத்துக்கொண்டது. 1927-ல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை விட்டார். ஆதரவில்லாமல் வந்த பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். நம்ம பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது.

1923-ல் அவருடைய தங்கை சின்ன வயசிலேயே புற்றுநோயால் இறந்து போனார். அந்தச் சாவை அவர் மறக்கவே இல்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டபோது, பிழைக்காத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்றுதான் பலர் கேட்டார்கள். அவர் விடவில்லை. மகன் கிருஷ்ணமூர்த்தி அமெரிக்கா போய்ப் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயசு 67. நம்ம ஊர்ல அந்த வயசுக்காரங்களை ஓய்வெடுங்கன்னுதான் சொல்லுவோம்.

அடுத்த வருஷம் 28 வயசுப் பெண் டாக்டர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த நிலையான வேலையை வேண்டாம்னு சொல்லிவிட்டு வந்தவர். வீட்டிலும் வெளியிலும் இதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனா முத்துலட்சுமி கட்டிய அந்தச் சின்ன இடத்தில், கிருஷ்ணமூர்த்தியின் பக்கத்தில் நின்று அவர் தொழில் கற்றார். அவர்தான் டாக்டர் வி. சாந்தா. பிறகு அதே நிறுவனத்தின் இயக்குநரானார். 2005-ல் மகசேசே, 2016-ல் பத்ம விபூஷண். 2021-ல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவே இல்லை. 1984-ல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கான எம்.சிஎச். படிப்பை இந்தியாவிலேயே முதலில் தொடங்கியதும் இதே இடம்தான். ஒரு காலத்தில் அறுவை சிகிச்சை வகுப்புக்கு வெளியே நின்ற ஒரு பெண், கடைசியில் சர்ஜன்களை உருவாக்கும் இடத்தையே கட்டிவிட்டுப் போனார்.

1956-ல் பத்ம பூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் காலமானார். அவர் பிறந்த ஜூலை 30-ஐ இப்போது தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

இன்றைக்கு உலகத்தில் இதை ஒரு ஏற்பாடாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் 1981-ல் பாட்ரிசியா நியூமன் என்ற சர்ஜன் பெண் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். வருகைதரு பேராசிரியர் என்ற முறையும் இப்படித்தான் உதவுகிறது. தன் துறையில் மூத்த பெண் ஒருவர்கூட இல்லாத கல்லூரிக்கு, வெளியூரில் இருந்து ஒரு பெண் சர்ஜன் சில நாள் வருகிறார். பாடம் எடுக்கிறார், அறுவை அரங்கில் கூட நிற்கிறார், மாணவிகளின் ஆராய்ச்சியைக் கேட்கிறார், போன பிறகும் அவர்களுக்காக ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். சின்ன விஷயம் மாதிரி தெரியும். தன்னை மாதிரி ஒருத்தரை அந்த இடத்தில் பார்க்காத பொண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இது டாக்டர்கள் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. உங்க மெக்கானிக்கல், சிவில் டிபார்ட்மெண்டில் எத்தனை பெண் பேராசிரியர்கள் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. அடுத்த சிம்போசியத்துக்கு சீஃப் கெஸ்ட்டைத் தேடும்போது, அந்தத் துறையில் பேர் எடுத்த ஒரு பெண்ணைக் கூப்பிடுங்க. குத்துவிளக்கு ஏத்தி, பொன்னாடை போட்டு, மதிய சாப்பாட்டோடு அனுப்பிவிடாதீங்க. ஒரு முழு மதியம் செகண்ட் இயர் பொண்ணுங்களோட லேப்பில் உட்கார வைங்க. டாப்பர்களை மட்டும் இல்லை, அரியர் வச்சிருக்கிறவங்களையும் சேர்த்து உட்கார வைங்க.