உமறுப் புலவரின் ஒழுங்கு

எட்டயபுரம் என்றதும் எல்லோருக்கும் பாரதிதான். எனக்கு அங்கே அடங்கியிருக்கும் உமறுப் புலவர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, அரண்மனைப் புலவரானவர்.

வள்ளல் சீதக்காதி நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடச் சொன்னார். தெரிந்ததை வைத்து ஒப்பேத்திவிடலாமே! இவரோ மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் போனார். அரண்மனைக் கோலத்தைப் பார்த்து அப்பா முகங்கொடுக்கவில்லையாம். கோலத்தை மாற்றிக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் பாடம் கேட்டாராம்.

இடையில் சீதக்காதி காலமானார். பாட்டு நிற்கவில்லை, அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். சீறாப்புராணத்தில் 5027 பாடல்கள்! ஆவேசத்தில் வருமா அவ்வளவும்? ஐவேளைத் தொழுகை மாதிரி அன்றாடம் உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். பரீட்சைக்கு முதல்நாள் விழிக்கும் ஹாஸ்டல் தம்பிகள் கவனிக்கவும்.

அப்படியும் நாயகத்தின் முழு வாழ்வும் அதில் அடங்கவில்லை. மிச்சத்தைப் பின்னாளில் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.