கிரகண இரவில் எழுந்த கேள்வி

உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். ஆய்வுக்காக நச்சு வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்தவர்! 1957-இல் கல்கத்தாவில் குடியேறினார்.

அந்த நவம்பரில் சந்திர கிரகணம். விருந்தினராக வந்த அமெரிக்க அறிஞர் லெடர்பெர்க்கும் அவரும், ரஷ்யப் புரட்சியின் 40-ஆம் ஆண்டையொட்டி சோவியத் நாடு நிலவில் குண்டு வெடிக்கச் செய்யுமோ என்று பேசிக்கொண்டார்கள். குண்டு வெடிக்கவில்லை. ஆனால் லெடர்பெர்க் சும்மா இருக்கவில்லை. நம் கிருமிகள் பிற கோள்களைக் கெடுத்துவிடக்கூடாது என அறிவியலாளர்களிடம் வாதாடினார். 1967 விண்வெளி ஒப்பந்தத்திலும் அந்த எச்சரிக்கை இடம்பெற்றது.

செவ்வாயை இன்னொரு பூமியாக்கலாம் என்கிறார்கள். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய கிள்ளான் தோட்டங்களும் முன்பு காடுதான். பிரேசில் மரம் வந்து மாற்றியது. செவ்வாயில் நுண்ணுயிர் இருந்தால் அதன் சம்மதத்தை யார் கேட்பார்?

ஒப்பந்தத்தைப் பார்க்க ஹால்டேன் இல்லை. 1964-இல் புவனேஸ்வரில் மறைந்தார். உடல், அவர் விருப்பப்படியே, காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.