ஆறிய காயத்தில் அதிரும் நாளம்

கந்தப்பளைத் தேயிலை மலைகளில் கவ்வாத்துக் கத்தி பிடிப்போருக்கு வெட்டுக்காயம் புதிதன்று. ஆறிய காயத்தினுள்ளும் ஆபத்து ஒளிந்திருக்கலாம் என்பதற்கு வில்லியம் ஹன்டரின் வாழ்க்கை சான்று.

1718-ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் பிறந்த ஹன்டர், 1746-இல் லண்டனில் உடற்கூற்றியல் வகுப்புகளைத் தொடங்கினார். நோய் தீர்க்கவென முழங்கை நாளத்தைக் கீறிக் குருதி வடிப்பது அக்கால வழக்கம். கத்திமுனை ஆழப் பாய்ந்தால் அடியிலுள்ள நாடியும் துளைபடும். புண் ஆறினாலும் நாடிக் குருதி நேரே நாளத்தினுள் பாயும், நாளம் புடைத்து அதிரும், சீறலோசை எழும். ஸ்டெதஸ்கோப் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1757-இல், இதன் காரணத்தை ஹன்டர் விளக்கி எழுதினார்.

1783-இல் அவர் மறைந்தபோது இதற்கான நுட்பமான சத்திரசிகிச்சை உருவாகியிருக்கவில்லை. குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை அலெக்சிஸ் கரல் 1902-இல் வெளியிட்ட பின்னரே அவ்வழி அகலத் திறந்தது. இன்று தவறான இணைப்பைப் பிரித்து, நாடியையும் நாளத்தையும் தனித்தனியே சீராக்க இயலும். பெரிய இணைப்பைக் கவனியாது விட்டால் நாளடைவில் இதயமே தளர்ந்துவிடக்கூடும்.

பழைய வெட்டுக்காயத்தின் மீது விரல் வைக்கையில் அதிர்வு தென்பட்டால், வெறும் தழும்பென்று தள்ளிவிடாது வைத்தியரிடம் காட்டுவதே அறிவுடைமை.