கல்பனா சாவ்லா: விண்வெளிப் பாதுகாப்புக்குப் பாடமான வாழ்வு

இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் கல்பனா சாவ்லா. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியதில் உயிரிழந்த 7 பேரில் அவரும் ஒருவர். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டங்கள் அனைத்துக்கும் அவரது முடிவு இன்றும் எச்சரிக்கையாக விளங்குகிறது.

ஹரியாணா மாநிலம் கர்னாலில் 1962 மார்ச் 17 அன்று அவர் பிறந்தார். அலுவல் ஆவணங்களில் அவரது பிறந்த நாள் 1961 ஜூலை 1 எனப் பதிவாகியுள்ளது. சண்டீகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் 1982-இல் வானூர்திப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1988-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தில் பணியைத் தொடங்கினார். 1994 டிசம்பரில் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வு செய்யப்பட்டார்.

1997 நவம்பர் 19-ஆம் தேதி கொலம்பியாவில் அவரது முதல் பயணம் தொடங்கியது. அந்தப் பயணம் முடிந்து தரையிறங்கிய ஓடத்தின் வெப்பக் காப்பு ஓடுகளில் வழக்கத்தைவிட அதிகமான சேதம் காணப்பட்டது. எரிபொருள் தொட்டியிலிருந்து உதிர்ந்த நுரைப் பொருளே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. எனினும் நுரை உதிர்வது, ஓடத்தை வீழ்த்தும் அபாயமாக அல்லாமல், பராமரிப்புச் சிக்கலாகவே பார்க்கப்பட்டது.

2003 ஜனவரி 16 அன்று அதே ஓடத்தில் அவர் இரண்டாவது முறையாகப் புறப்பட்டார். புறப்பட்ட 82-ஆவது விநாடியில், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தை அறிய, சுற்றுப்பாதையில் உள்ள ஓடத்தைப் படம் எடுக்க வேண்டும் எனப் பொறியாளர்கள் விடுத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. சுமார் 80 ஆய்வுகளை முடித்துக்கொண்டு 16-ஆவது நாளில் குழுவினர் பூமிக்குத் திரும்பினர். அப்போது இறக்கையில் இருந்த துளை வழியாகக் கடும் வெப்ப வாயு புகுந்தது. தரையிறங்க சுமார் 16 நிமிடங்களே இருந்த நிலையில், டெக்சாஸ் வான்பரப்பில் ஓடம் உடைந்தது.

நுரை மட்டுமன்றி, அபாயத்துக்குப் பழகிவிட்ட நிர்வாக மனப்போக்கும் விபத்துக்குக் காரணம் என விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. 2005-இல் பயணங்கள் மீண்டும் தொடங்கியபோது, வெப்பக் காப்பை விண்ணிலேயே பரிசோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2011-இல் ஓடங்கள் ஓய்வு பெற்றன.

2024-இல் ஸ்டார்லைனர் விண்கலத்தில் உந்துகருவிக் கோளாறு ஏற்பட்டபோது, சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் ஆகியோரை நிலையத்திலேயே தங்கவைத்து, கலத்தை மட்டும் நாசா தரையிறக்கியது. கலம் பத்திரமாகவே வந்து சேர்ந்தது. ஆயினும் ஐயம் தீராத நிலையில் மனித உயிரைப் பணயம் வைக்க நாசா முன்வரவில்லை.

ககன்யான் திட்டத்துக்காக, 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ குழுவினர் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தது. ஏவுதலின்போது நேரும் ஆபத்திலிருந்து அது காக்கும். ஆனால் பூமிக்குத் திரும்பும் கட்டத்தில் உயிர்காப்பது வெப்பக் கவசமே. சிறு கோளாறையும் வழக்கமானது என ஒதுக்காமல் ஆராய்வதே கல்பனாவின் முடிவு உணர்த்தும் பாடம். இந்தியாவின் வானிலைச் செயற்கைக்கோளான மெட்சாட், அவரது நினைவாக கல்பனா-1 எனப் பெயர் மாற்றப்பட்டது.