புள்ளிகளில் பிறந்த சித்திரங்கள்

சத்யஜித் ராய் என்றால் திரைப்படம் நம் நினைவுக்கு வரும். அவருடைய பாட்டனார் சிறுவருக்குக் கதை எழுதி, அதற்குத் தாமே சித்திரமும் தீட்டியவர் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி என்பது அவர் பெயர். மானிப்பாயில் பிறந்த எனக்கு அவர்மேல் தனி ஈடுபாடு உண்டு. அச்சுக்கலையே அதற்குக் காரணம்.

அமெரிக்க மிஷனரிமாரின் அச்சுக்கூடம் இயங்கிய ஊர் எங்களூர். 1842இல் வெளிவந்த, ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட தமிழ் அகராதிக்கு ‘மானிப்பாய் அகராதி’ என்றே பெயர் நிலைத்தது. சொற்களை அச்சிட ஈய எழுத்துக்கள் போதும். ஓவியர் தீட்டிய ஒளியையும் நிழலையும் தாளில் இறக்குவதோ வேறொரு வித்தை. உபேந்திரகிசோர் தம் வாழ்வின் பெரும்பகுதியை அந்த வித்தைக்கே கொடுத்தார்.

1863இல் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதளவில் உறவினரான ஹரிகிசோர் என்னும் நிலக்கிழார் தத்தெடுத்துப் புதுப்பெயர் சூட்டினார். பின்னர் கல்கத்தாவில் பட்டம் பெற்றார். ஓவியம், வயலின், விஞ்ஞானம் மூன்றிலும் அவருக்கு ஆர்வம். அவர் மணந்த விதுமுகியின் சிற்றன்னை காதம்பினி கங்குலி, 1883இல் இந்தியாவின் முதற் பெண் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, பின்பு மருத்துவரானவர்.

உபேந்திரகிசோர் சிறுவருக்காக இராமாயணம் எழுதிச் சித்திரமும் வரைந்தார். அக்கால வழக்கப்படி அச்சித்திரங்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டன. நூல் வந்தபோது அவர் தீட்டிய உருவங்கள் சிதைந்திருந்தன. பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்று அவர் அமையவில்லை. இங்கிலாந்திலிருந்து கருவிகளைத் தருவித்து, 1895இல் சொந்தமாகப் படக்கட்டைத் தொழில் தொடங்கினார்.

‘ஹாஃப்டோன்’ என்னும் முறையில், நுண்கோடுகள் கீறிய கண்ணாடித் திரையினூடாகப் படம் பிடிப்பார்கள். படம் முழுவதும் புள்ளிகளாகப் பிரியும். பெரும்புள்ளிகள் நிழலாகவும் சிறுபுள்ளிகள் ஒளியாகவும் கண்ணுக்குத் தோன்றும். இம்முறையைத் தாமே ஆராய்ந்து செம்மைப்படுத்திய அவர், இலண்டனில் வெளிவந்த ‘பென்றோஸ்’ ஆண்டு மலரில் கட்டுரைகளும் எழுதினார்.

1910இல் நாட்டார் கதைகளைத் தொகுத்து, தையற்சிட்டின் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். சிட்டு, நரி, புலி யாவும் அவர் தூரிகையில் உயிர்பெற்றன. 1913இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். மகன் சுகுமார் மட்டுமன்றி, மூத்த மகள் சுகலதாவும் எழுத்தாளராகவும் ஓவியராகவும் விளங்கினார்.

1915இல், 52ஆம் வயதில் உபேந்திரகிசோர் மறைந்தார். அவர் படைத்த கூபி என்னும் பாடகரும் பாகா என்னும் மேளக்காரரும் வரும் மாயக்கதையை 1969இல் பேரன் திரைப்படமாக்கினார். பேரனின் புகழ் உலகெங்கும் பரவியது. வங்காளத்துக்கு வெளியே பாட்டனாரின் சித்திரங்கள் அதிகம் பேசப்படவில்லை.

குழந்தை எழுத்தறியுமுன் படத்தைப் படிக்கிறது. அந்த முதல் வாசிப்புக்கு மங்கலான படம் ஆகாது என்பதற்காகவே ஓர் ஓவியர் அச்சுத் தொழிலாளியுமானார். இம்மலரின் பக்கங்களுக்குப் படம் வரையும் தங்கையரே, கதைக்கு இட்டு நிரப்பும் வேலையாக உங்கள் கோடுகளை எண்ணாதீர்கள். வரைந்த படத்தின் அடியில் உங்கள் பெயரையும் தெளிவாக எழுதுங்கள்.