ரூசோவும் ஒரு ரிப்பனும்

அரசியல் பாடத்தில் சமுதாய ஒப்பந்தக் கொள்கையின் ஆசிரியராகத்தான் ரூசோ நமக்கு அறிமுகமாகிறார். தேர்வுக்காக அவரை மனனம் செய்தவர்களுள் நானும் ஒருவன். அவருடைய தன்வரலாற்றைப் படித்தபோதோ, அறிஞர் மறைந்து, நெஞ்சு கனத்த ஒரு மனிதர் என் முன் வந்து நின்றார். மனிதன் ஏன் தன் கதையைத் தானே எழுத முற்படுகிறான்?

ஜெனிவாவில் 1712இல் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் ரூசோ. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். 1728இல், பதினாறு வயதில், இத்தாலியின் டூரின் நகரில் ஒரு சீமாட்டியின் வீட்டில் பணியாளராக இருந்தார். சீமாட்டி இறந்தபின் பொருள்களைக் கணக்கெடுத்தபோது ஒரு பழைய ரிப்பன் காணவில்லை. எடுத்தவர் ரூசோ. கையும் களவுமாக அகப்பட்டதும், சமையற்காரப் பெண் மரியோன் கொடுத்தாள் என்று கூசாமல் சொல்லிவிட்டார். அவளுக்குப் பரிசளிக்கத்தான் அதை எடுத்திருந்தாராம்! இருவரும் வேலையிழந்தனர். திருடிப் பட்டம் சுமந்த ஏழைப் பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுத்திருப்பார்கள்? தண்டனைக்கன்று, பலர்முன் நேரும் அவமானத்துக்கே தாம் அஞ்சியதாக அவர் விளக்குகிறார். அந்தச் சுமையை இறக்கிவைக்கும் ஆசையே நூலெழுதப் பெரிதும் தூண்டியது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

அது மட்டுந்தானா? 1762இல் கல்வி பற்றிய 'எமீல்' வெளிவந்து, பாரிசிலும் ஜெனிவாவிலும் கண்டனத்துக்குள்ளாக, அவர் ஓடி ஒளிய நேர்ந்தது. 1764இல் வால்டேர் பெயரின்றி வெளியிட்ட துண்டு நூலொன்று, அவர் தம் குழந்தைகளைக் கைவிட்டவர் என்பதை அம்பலப்படுத்தியது. ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர்தாம் அவர். பிறர் தம் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தாமே சொல்லிவிடும் அவசரம் அவரைப் பற்றிக்கொண்டது. ரிப்பனுக்காக உருகியவர், குழந்தைகள் விஷயத்தில் மட்டும் காரணங்களை அடுக்குகிறார். அங்கே எனக்குக் கோபமே வந்தது.

1770-71இல் பாரிசில் சிலரைக் கூட்டி நூலைப் படித்துக் காட்டினார். கேட்டவர்கள் மௌனமாயிருந்தனர். பழைய தோழி தெப்பினே சீமாட்டி காவல்துறையிடம் முறையிட, அதுவும் நின்றது. பிறகு தம்மைத் தாமே விசாரிக்கும் உரையாடல் நூலொன்று எழுதினார். 1776இல் அதை நோத்ர்தாம் தேவாலயப் பலிபீடத்தில் வைக்கப் போனார், உட்கதவு பூட்டியிருந்தது. அந்தக் காட்சியைப் படித்தபோது என் கோபம் பாதி ஆறிவிட்டது.

1778இல் காலமானார். தன்வரலாற்றின் முற்பகுதி 1782இல்தான் அச்சேறியது. மரியோன் என்ன ஆனாள் என்பது அதிலும் இல்லை.