பத்து நிமிடத்துக்குள் ஆஸ்கர் வென்ற கௌபாய்: பென் ஜான்சனின் வாழ்வும் படங்களும்

1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் 44-ஆவது ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா திரும்பிய சார்லி சாப்ளினுக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்ட அதே மேடையில், சிறந்த துணை நடிகராக ஒரு குதிரைக்காரர் அறிவிக்கப்பட்டார். அவர் பெயர் பென் ஜான்சன். அப்போது அவருக்கு வயது 53. விருது பெற்ற படத்தில் அவர் திரையில் தோன்றியது 10 நிமிடங்களுக்கும் குறைவான நேரமே.

அதே பெயர் கொண்ட கனடா நாட்டு ஓட்ட வீரரை விளையாட்டு ரசிகர்கள் நன்கு அறிவர். இவர் வேறு. கௌபாய் படங்களின் ரசிகர்கள் பலரும் முகத்தால் அறிந்து, பெயரால் அறியாமல் விட்ட குணச்சித்திர நடிகர் இவர்.

ரயிலில் வந்த குதிரைகள்

1918-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்தின் ஃபோரேக்கர் என்னும் சிற்றூரில் ஜான்சன் பிறந்தார். தந்தை பெரும் கால்நடைப் பண்ணை ஒன்றை மேற்பார்வை செய்தவர். சுருக்குக் கயிறு வீசி மாடு பிடிக்கும் ரோடியோ போட்டிகளில் புகழ்பெற்ற வீரர். மகனும் சேணத்திலேயே வளர்ந்தார்.

1940-ஆம் ஆண்டு வாக்கில், பெரும் செல்வந்தரும் படத் தயாரிப்பாளருமான ஹோவர்ட் ஹியூஸ், 'தி அவுட்லா' படத்துக்காக ஓக்லஹோமாவில் குதிரைகளை வாங்கினார். அவற்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு சேர்க்கும் பொறுப்பு ஜான்சனுக்குக் கிடைத்தது. பண்ணையில் நாளொன்றுக்கு 1 டாலர் கூலி பெற்றவருக்குத் திரையுலகம் அளித்த முதல் காசோலை 300 டாலர் எனப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்ததுண்டு. குதிரைகளுடன் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த சில ஆண்டுகள், முன்னணி நடிகர்களுக்காகக் குதிரையில் பாய்வதும் விழுவதுமே அவரது தொழிலாயின.

1948-இல் வெளியான 'ஃபோர்ட் அப்பாச்சி' அவரது வாழ்வைத் திருப்பியது. படப்பிடிப்பின்போது, ஆட்கள் அமர்ந்திருந்த வண்டியை இழுத்த குதிரைகள் மிரண்டு ஓடின. ஹென்றி ஃபோண்டாவுக்கு டூப் போட வந்திருந்த ஜான்சன், தமது குதிரையை விரட்டிச் சென்று வண்டியை நிறுத்தினார். இயக்குநர் ஜான் ஃபோர்டு கைம்மாறு செய்வதாக வாக்களித்தார். ஸ்டண்ட் வாய்ப்பு ஏதேனும் வரும் என எதிர்பார்த்தவருக்கு, ஏழாண்டு நடிப்பு ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. வாரம் 5,000 டாலர் என்ற வரியைக் கண்டதும் மீதியைப் படிக்காமலே கையொப்பமிட்டாராம்.

ஃபோர்டுடன் மூன்று படங்கள்

ஜான்சனின் சிறந்த படங்களைத் தேடுவோர் 1949-இல் வந்த 'ஷீ வோர் எ யெல்லோ ரிப்பன்' படத்திலிருந்து தொடங்கலாம். ஜான் வெய்ன் நாயகனாக நடித்த இப்படத்தில், சார்ஜென்ட் டைரீ என்னும் வேவு வீரராக ஜான்சன் வருகிறார். மானுமென்ட் வேலியின் செம்மண் வெளியில் அவர் குதிரையில் பறக்கும் காட்சிகள் இன்றும் வியப்பளிக்கின்றன. அங்கே டூப் கிடையாது. நடிகரும் குதிரைவீரரும் ஒருவரே.

அடுத்த ஆண்டு வந்த 'வேகன் மாஸ்டர்' அவருக்கு முதன்மை வேடம் அளித்தது. மார்மன் சமயக் குழுவினரைப் பாலைவெளி வழியே அழைத்துச் செல்லும் குதிரை வணிகராக அதில் நடித்தார். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத இப்படத்தை, தமக்கு மிகவும் பிடித்த தம் படங்களுள் ஒன்றாக ஃபோர்டு கருதினார்.

அதே ஆண்டின் 'ரியோ கிராண்ட்' படத்தில், இரு குதிரைகளின் முதுகில் ஒவ்வொரு காலை ஊன்றி, நின்றபடியே பாய்ந்து செல்லும் காட்சியில் ஜான்சன் தாமே நடித்தார். ஆனால் அப்படத்தின்போதே ஃபோர்டுடனான உறவு முறிந்தது. கடுஞ்சொற்களுக்குப் பேர்போன ஃபோர்டு, ஒருநாள் உணவு மேசையில் பிறர் முன்னிலையில் ஜான்சனைச் சாடினார். பதிலடியாகச் சுருக்கமாக ஏதோ கூறிவிட்டு ஜான்சன் எழுந்து வெளியேறினார் என்பர் உடனிருந்தோர். தம்மை நடிகராக்கியவரின் படங்களில் அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவருக்கு இடமில்லாமல் போயிற்று. 1964-இல் வெளியான 'செயன் ஆட்டம்' படத்தில்தான் இருவரும் மீண்டும் இணைந்தனர்.

உலகப் பட்டமும் வெறும் பையும்

1953-இல் வெளியான 'ஷேன்', ஜான்சனின் நடிப்பாற்றலுக்கு நல்ல சான்று. மதுக்கடையில் நாயகனை இழிவுபடுத்தும் முரடனாக அவர் அறிமுகமாகிறார்; அடிபடுகிறார்; பின்னர் மனம் மாறி, நாயகனைத் தேடிவந்து எச்சரிக்கிறார். அந்த மாற்றத்தை நீண்ட வசனம் எதுவுமின்றி நம்பச்செய்கிறார்.

அதே ஆண்டில் அவர் திரையுலகை விட்டு விலகி, ரோடியோ களத்துக்குச் சென்றார். குதிரைமீது விரையும் இருவரில் ஒருவர் மாட்டின் கொம்பிலும் மற்றவர் பின்னங்கால்களிலும் கயிறு வீசிப் பிடிக்கும் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். ஆண்டின் இறுதியில் கணக்குப் பார்த்தபோது கையில் மிஞ்சியவை தேய்ந்துபோன காரும் மனைவியின் கோபமுமே என வேடிக்கையாகக் கூறுவார். பிழைப்புக்காகப் படங்களுக்குத் திரும்பினார். ரோடியோ உலகப் பட்டத்தையும் ஆஸ்கரையும் வென்ற ஒரே மனிதராக இன்றும் அவரே குறிப்பிடப்படுகிறார்.

1960-களில் இயக்குநர் சாம் பெக்கின்பா அவரைப் பயன்படுத்திக்கொண்டார். 1969-இல் வந்த 'தி வைல்ட் பன்ச்' படத்தில், காலம் கடந்துபோன கொள்ளைக் கூட்டத்தின் கோர்ச் சகோதரர்களுள் ஒருவராக ஜான்சன் நடித்தார். பிடிபட்ட தோழனை மீட்க, சாவு உறுதி என்று அறிந்தும் நால்வர் தோளோடு தோள் நடந்து செல்லும் இறுதிக் காட்சி, கௌபாய் படங்களின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அந்நால்வரில் ஒருவர் ஜான்சன்.

மறுத்த வேடமே மகுடமானது

டெக்சாஸ் சிற்றூர் ஒன்று மெல்ல அழிவதைச் சொல்லும் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படத்தில், ஊரின் திரையரங்கையும் விளையாட்டுக் கூடத்தையும் நடத்தும் முதியவர் சாம் வேடத்துக்கு இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் ஜான்சனை அழைத்தார். ஆபாசச் சொற்கள் மிகுதி என்று கூறி ஜான்சன் மறுத்தார். இயக்குநர் நாடியது ஜான் ஃபோர்டை. ஒருகாலத்தில் ஜான்சனை விலக்கிவைத்த அந்த முதியவரே, இப்போது வேடத்தை ஏற்குமாறு அவரை வற்புறுத்தினார். தம் வசனங்களிலிருந்து அச்சொற்களை நீக்க இசைவு பெற்ற பின்னரே ஜான்சன் நடித்தார்.

நீர்நிலைக் கரையில் அமர்ந்து, இளமையில் தாம் நேசித்த பெண்ணைச் சாம் நினைவுகூரும் காட்சியே படத்தின் உயிர். ஜான்சன் குரலை உயர்த்துவதில்லை, கண்ணீர் சிந்துவதில்லை. படத்தின் நடுவிலேயே சாம் இறந்துவிடுகிறார். அதன்பின் அவ்வூர் வெறிச்சோடுவதைப் பார்வையாளரே உணர்கின்றனர். ஆஸ்கருடன் கோல்டன் குளோப், பாஃப்டா விருதுகளும் அவரைத் தேடிவந்தன.

விருதுக்குப் பின்னும் அவர் நாயக வேடங்களைத் தேடவில்லை. 'ஜூனியர் பானர்', 'தி கெட்அவே', 'பைட் தி புல்லட்' எனத் துணை வேடங்களிலேயே தொடர்ந்தார். 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, அரிசோனாவின் மேசா நகரில் வசித்த தாயைக் காணச் சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 77. பிறந்த ஊருக்கு அருகிலுள்ள பாஹஸ்காவில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜான்சனின் படங்களுள் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமுள்ளோர் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'வைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதாக 'வேகன் மாஸ்டர்' பார்த்தால், அந்த முதியவரின் கண்களில் தெரிந்த இளமை எத்தகையது என்பதும் விளங்கும்.